நான்காவது வரிசையில் முளைக்குச்சி இல்லை

வேதாசலம் பொய் எழுதியிருக்கிறார்.

நம் ஓய்வு பெற்றோர் சங்க மலரின் சென்ற இதழில் தன் பணிக்காலத்தைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். முதல் ஐந்து பக்கத்தைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. அவர் மரம் வைத்தது உண்மை. அந்த மரங்கள் இன்று நிழல் தருவதும் உண்மை. ஆறாம் பக்கத்தில் நான்கு வரி இருக்கிறது. நெய்வேலி மண்மேட்டில் நான்காவது வரிசை வரப்பு உடைந்ததற்குக் காரணம், கூலிப் பெண்கள் அடையாளத்துக்கு அடித்த முளைக்குச்சிகளை விறகுக்காகப் பிடுங்கிக்கொண்டு போனது என்கிறார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. "அறியாமையால் செய்த பிழை. அவர்களை அன்றே மனதார மன்னித்துவிட்டேன்" என்று முடித்திருக்கிறார்.

மன்னிக்க இவர் யார்?

மலரின் ஆசிரியர் இரண்டு வருடமாக என்னிடம் கட்டுரை கேட்கிறார். இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பயன்படும்படி எழுதுங்கள் என்பார். எனக்கு எழுத வராது என்று சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தேன். நான் எழுதியதெல்லாம் பயணக் குறிப்பும் வேலை மதிப்பீடும்தான். வேதாசலத்தின் நான்கு வரியைப் படித்த பிறகு தள்ள முடியவில்லை. நடையில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் குறை இருந்தால் கேளுங்கள்.

என் பெயர் அந்தோணிசாமி. சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் குத்தகை நிலம் உழுத குடும்பம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மண் பாதுகாப்பு உதவியாளர் வேலைக்குத் தேர்வானேன். ஊட்டியில் பயிற்சி. அங்கே கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: மழைத்தண்ணீரை ஓடவிட்டால் அது மண்ணைத் தூக்கிக்கொண்டு போகும், நிற்கவைத்தால் மண் நிற்கும். மீதியெல்லாம் குளிர்.

பயிற்சி முடிந்து நெய்வேலிக்கு அனுப்பினார்கள். அறுபதுகளின் தொடக்கம். சுரங்கத்துக்காக மேல் மண்ணை வெட்டி எடுத்து, ஒரு பக்கமாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ராட்சத இயந்திரம் வெட்டும், பெல்ட் சுமந்து போகும், இன்னொரு இயந்திரம் கொட்டும். கொட்டிய மண் மலைபோல வளர்ந்தது. எல்லோரும் அதை மண்மேடு என்பார்கள். அதன் மேல் புல் இல்லை, பூண்டு இல்லை. செம்மண்ணும் வெள்ளைக் களியும் மணலும் கலந்த பொலபொலப்பான சரிவு. மழை பெய்தால் கரைந்து அடிவாரத்து வயலுக்குள் போகும். அதைத் தடுத்து மரம் வளர்ப்பதற்கென்று ஒரு சிறு பிரிவைத் தற்காலிகமாக ஏற்படுத்தினார்கள். அதன் அதிகாரி வேதாசலம். கள உதவியாளர் நான். எனக்குக் கீழே பத்தொன்பது பெண்கள், எல்லோரும் கான்ட்ராக்ட் கூலி. நான்கூட அப்போது பெர்மனென்ட் இல்லை.

வேலை முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இது புரியாவிட்டால் வேதாசலத்தின் பொய்யும் புரியாது.

சரிவில் குறுக்கே ஒரே மட்டத்தில் நீளமாகக் குழி வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணைக் குழியின் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போட வேண்டும். மேலேயிருந்து வரும் மழைத்தண்ணீர் குழியில் விழுந்து, நின்று, மண்ணுக்குள் இறங்கும். அப்படி ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வரிசைகள். வரப்பின் மேல் சவுக்கு, முந்திரி. குழி எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஓரிடத்தில் தாழ்ந்தால் மொத்தத் தண்ணீரும் அங்கே ஓடிவந்து சேரும், வரப்பை உடைக்கும்.

மண்மேடு சீராக இருக்காது. ஓரிடம் புடைத்திருக்கும், ஓரிடம் உள்வாங்கியிருக்கும். ஒரே மட்டத்தில் போகும் வரிசை, புடைத்த இடத்தில் வெளியே வளைந்தும் உள்வாங்கிய இடத்தில் உள்ளே வளைந்தும்தான் போகும். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் நிற்கும்.

மட்டம் பார்க்கும் கருவி எங்கள் பிரிவில் ஒன்றே ஒன்று. அது பெரும்பாலும் அலுவலகப் பீரோவில் இருக்கும். நாங்கள் டியூப் மட்டம் வைத்துக்கொண்டோம். இரண்டு மூங்கில் கழி, இரண்டிலும் கண்ணாடிக் குழல், நடுவே நீள ரப்பர் டியூப், உள்ளே தண்ணீர். இரண்டு குழலிலும் தண்ணீர் ஒரே கோட்டில் நின்றால் இரண்டு கழியும் நிற்கும் இடம் ஒரே மட்டம். ஒரு கழியை நான் பிடிப்பேன். இன்னொன்றை அஞ்சலை பிடிப்பார்.

அஞ்சலைதான் அந்தப் பத்தொன்பது பேருக்கும் தலைவி. யாரும் நியமிக்கவில்லை, அவராகவே இருந்தார். மண்மேட்டு அடிவாரத்திலிருந்த காலனிக்காரர். அப்போது அவருக்கு முப்பது வயதிருக்கும். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். அந்த வயல்கள் சுரங்கத்துக்குள் போன பிறகு நடவும் போயிற்று, இந்த வேலைக்கு வந்தார். டியூபில் காற்றுக் குமிழி இருந்தால் எனக்கு முன்னால் கண்டுபிடிப்பார்.

"சார், சுண்டுங்க டியூப. நடுவுல காத்து உக்காந்துகினு இருக்குது."

சுண்டுவேன். தண்ணீர் ஆடி அடங்கும்.

"நின்னுச்சு! குச்சி அடி!"

ஒரு பெண் ஓடிவந்து முளைக்குச்சி அடிப்பார். முளைக்குச்சி என்பது முழங்கை நீளச் சவுக்குக் குச்சி, ஒரு முனை கூராகச் சீவியது. பத்தடிக்கு ஒன்று. அந்தக் குச்சிகளை இணைத்தால் வரிசை. அதன் மேல்தான் குழி வெட்ட வேண்டும்.

முதல் வரிசைக்கு இரண்டு நாள் மட்டம் பார்த்துக் குச்சி அடித்தோம். மூன்றாம் நாள் காலையில் போனால் பாதிக் குச்சியைக் காணோம். இதை நான் மறைக்கவில்லை. நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள் வேதாசலம் அவர்களே: முதல் வரிசையில் குச்சி காணாமல் போனது உண்மை. எடுத்தவர்கள் எங்கள் பெண்கள்தான். நான் கத்தினேன். எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். அஞ்சலை மட்டும் நிமிர்ந்து பேசினார்.

"சவுக்குக் குச்சிய நல்லாச் சீவி, கண்ணெதிருல நட்டு வெச்சிட்டுப் போறீங்க. அடுப்பு சும்மா பாத்துகினு இருக்குமா சார்?"

"இது அரசாங்கக் குச்சி."

"நாங்க வெறகு பொறுக்கிகினு இருந்த காட்ட வேலி போட்டுட்டாங்க. அந்தக் காடு யாரு குச்சிங்க?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அலுவலகத்துக்கு ஒரு குறிப்பு எழுதிப்போட்டேன்: முளைக்குச்சிகள் விறகுக்காகக் களவு போகின்றன. இந்தக் குறிப்பை நினைவில் வையுங்கள்.

மறுநாள் அஞ்சலையே வழி சொன்னார். ரயில் பாதை ஓரத்தில் வேலியாக வளரும் கத்தாழை, ரயில் கத்தாழை என்போம், அதன் பக்கக் கன்றுகளை ஒரு கூடை கொண்டுவந்து என் காலடியில் கொட்டினார்.

"இத நடுங்க குச்சிக்குப் பதிலா. மாடும் திங்காது, அடுப்புலயும் எரியாது. எவ எடுத்துகினு போனாலும் கையில முள்ளுதான்."

பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "நம்ம அஞ்சலைக்கு அவ மேலயே நம்பிக்க இல்ல சார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாவது வரிசையிலிருந்து எங்களுக்கு முளைக்குச்சியே கிடையாது. மட்டம் நின்ற இடத்தில் கத்தாழைக் கன்று. அது வேர் விட்டு நின்றுவிடும், வரிசையும் அழியாது, வரப்பும் கெட்டிப்படும். பிறகு முப்பது வருடம் நான் வேலை பார்த்த இடமெல்லாம் இதையே செய்தேன். பலர் என்னைப் பாராட்டினார்கள். அது அஞ்சலையின் யோசனை என்று நான் ஒரு தடவையும் எந்தத் தாளிலும் எழுதவில்லை. என் குற்றக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி வேதாசலம்.

அவருக்கு வேலை தெரியாது என்று நான் சொல்லவே மாட்டேன். மட்ட அளவுகள் குறித்த புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, ஒரு பார்வையில், "ஏழாவது வரியில கழிச்சது தப்பு" என்பார். தப்பாகத்தான் இருக்கும். செடிகளுக்குத் தண்ணீர் லாரி கிடைக்காதபோது, ஒரு நாள் முழுக்கப் போக்குவரத்து அலுவலக வாசலில் நின்றே வாங்கிவந்தார். லஞ்சம் தொடமாட்டார். எங்களை ஒருமையில் கூப்பிட மாட்டார், பெண்களையும்கூட.

ஆனால் மண்மேட்டில் ஏற மாட்டார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் காலணி. பையில் இரண்டு கைக்குட்டை, ஒன்று முகத்துக்கு, ஒன்று காலணிக்கு. ஜீப்பைத் தார்ச்சாலையில் நிறுத்தி, அதன் முன்பக்கம் சாய்ந்து நின்று, தூரநோக்கியில் பார்ப்பார். நாங்கள் இறங்கி ஓட வேண்டும். எந்த வேலையைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "ரோட்லேர்ந்து பாத்தா என்ன தெரியுது?"

மேலேயிருந்து வருபவர்கள் எல்லோரும் சாலையிலிருந்துதான் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கணக்கில் அவர் தப்பு செய்ததே இல்லை.

நான்காவது வரிசைதான் சாலையிலிருந்து நன்றாகத் தெரியும். மண்மேட்டின் இடுப்பு மாதிரி நடுவில் போகும். அதில் உள்வாங்கிய இடம் ஒன்று இருந்தது. அங்கே வரிசை நன்றாக உள்ளே வளைந்து வெளியே வரும். அந்த இடத்துக்கு நேர் கீழே அடிவாரத்தில் அஞ்சலையின் காலனி, நாற்பது வீடு. காலனிக்கு ஒரே ஒரு கிணறு. ஊர்க் கிணற்றில் அவர்கள் குடம் இறக்க முடியாது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆகவே அந்த ஒரு கிணறு என்றால் ஒரே ஒரு கிணறு.

ஆவணி மாதம் நான்காவது வரிசையை முடித்தோம். ஒரு வாரம் கழித்து வேதாசலம் ஜீப்பை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். டெல்லியிலிருந்து யாரோ பெரியவர் பார்வையிட வருகிறாராம்.

"அந்தோணி, என்ன இது? பாம்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"மட்டம் அப்படித்தான் சார் போகுது. நடுவுல பள்ளம் இருக்கு."

"மத்த வரிசையப் பத்தி நான் கேக்கல. இந்த ஒண்ணு மட்டும் நேரா இருக்கணும். அணிவகுப்பு மாதிரி. கயிறு கட்டி நேராக்கிடுங்க."

"நேரா போட்டா அந்தப் பள்ளத்துல ரெண்டு அடிக்கு மேல தாழும் சார். தண்ணி மொத்தமும் அங்க வரும்."

"வரப்ப அந்த இடத்துல ரெண்டு அடி ஒசத்துங்க."

"புது மண்ணு சார், நிக்காது."

அவர் தூரநோக்கியை இறக்கினார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"மழைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. விசிட் முடிஞ்ச மறுநாள் நீங்களே மாத்திக்குங்க. நான் சொல்றேன் இல்ல?"

பெண்களிடம் போய்ச் சொன்னேன். மண்வெட்டிகள் நின்றன.

"நேரா வெட்டணுமா?" என்றார் அஞ்சலை. "நீங்கதானே சார், விரக்கட தாழ்ந்தாலும் திரும்ப மட்டம் பாக்கச் சொன்னீங்க?"

"அதிகாரி உத்தரவு."

"அவரு மேல ஏறி வந்து பாத்தாரா?"

நான் கயிற்றுச் சுருளைப் பிரிக்கத் தொடங்கினேன்.

"கீழ எங்க கெணறு இருக்குதுங்க."

"விசிட் முடிஞ்சதும் மாத்திடலாம்னு சொல்றாரு."

"அவரு சொல்றாரு. நீங்க சொல்லுங்க."

"நானும் சொல்றேன். மாத்திடலாம்."

நான் சொன்னதால்தான் வெட்டினார்கள். கயிறு கட்டி, வேர் விட்டிருந்த கத்தாழைகளைப் பெயர்த்து, கயிற்றோடு கயிறாக நட்டு, பள்ளத்தில் கூடை கூடையாக மண் கொட்டி வரப்பை உயர்த்தினார்கள். ஆறு நாள் வேலை. பெரியவர் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கவில்லை. நன்றாக இருக்கிறது என்றாராம்.

மறுநாள் நான் மாற்றக் கேட்டேன். ஐந்தாவது வரிசையை முதலில் முடியுங்கள் என்றார் வேதாசலம். புரட்டாசியில் மறுபடி கேட்டேன். பார்க்கலாம் என்றார். மூன்றாவது தடவை எழுத்தில் கொடுத்தேன்: நான்காவது வரிசையில் பள்ளத்தில் இரண்டே கால் அடி தாழ்வு, மழைக்கு முன் சரிசெய்ய அனுமதி வேண்டும் என்று. அந்தத் தாளின் மூலையில் "பார்த்தேன்" என்று எழுதிக் என் எதிரிலேயே கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டார். அனுமதி இல்லாமல் நானே மாற்றியிருக்கலாம். இருபது பேர் இரண்டு நாளில் ஒரு வெட்டு வெட்டித் தண்ணீருக்குப் பக்கவாட்டில் வழி விட்டிருக்கலாம். செய்யவில்லை. என் பெர்மனென்ட் உத்தரவு அவர் மேஜையில் இருந்தது.

ஐப்பசியில் புயல் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு அஞ்சலையின் பக்கத்து வீட்டுப் பெண் நனைந்துகொண்டே குவார்ட்டர்ஸுக்கு ஓடிவந்தாள். "மேல தண்ணி ரொம்பிகிச்சி, வாங்க சார்." நான் போனபோது பெண்கள் எல்லோரும் மேலே இருந்தார்கள். அன்று வேலை நாள் இல்லை. யாரும் கூப்பிடாமல் வந்திருந்தார்கள். குழி நெடுகத் தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. உயர்த்திய வரப்பில் விளிம்பு வரை தண்ணீர். பக்கவாட்டில் வெட்டித் திருப்பிவிடப் பார்த்தார்கள். வெட்ட வெட்டக் களி சரிந்து மூடியது.

"சாக்கு கொண்டாங்கடி! மண்ணு ரொப்பிப் போடுங்க!" அஞ்சலை வரப்பின் மேல் நின்று கத்தினார்.

"இறங்கு அஞ்சலை, காலுக்குக் கீழ நனையுது!" என்று நான் கத்தினேன்.

அவர் இறங்கிய பத்தாவது நிமிடம் வரப்பு போயிற்று. சத்தம் பெரிதாக இல்லை. ஒரு பெருமூச்சுப் போல இருந்தது. முதலில் ஒரு வண்டி அகலம், பிறகு ஒரு வீட்டு அகலம். கீழே இருந்த ஐந்தாவது வரிசையையும் பிய்த்துக்கொண்டு செம்மண் குழம்பு காலனிக்குள் இறங்கியது. காலனிக்காரர்களை முன்பே எதிர்ப்புற மேட்டு நிலத்துக்கு ஏற்றிவிட்டிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அந்த ஏற்பாட்டையும் அஞ்சலைதான் விடியற்காலையில் செய்திருந்தார். கிணறு வாய் வரை மண். மழை விட்ட பிறகு போய்ப் பார்த்தோம். கிணற்றின் கைப்பிடிச் சுவர் மட்டும் ஒரு வளையமாகத் தெரிந்தது.

நான்கு நாள் கழித்து விசாரணை. வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தூறிக்கொண்டிருந்தது. அவரும் சாலையிலிருந்துதான் பார்த்தார். மேலே ஏறியிருந்தால் ஒன்றைக் கண்ணால் பார்த்திருப்பார்: உடைந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் கத்தாழைகள் கயிறு பிடித்தாற்போல நேராக நின்றன. ஒன்றுகூடப் பிடுங்கப்படவில்லை.

அன்று மாலை வேதாசலம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒன்றரைப் பக்க அறிக்கை. நாற்காலியைக் காட்டினார். அதற்கு முன் அவர் என்னை உட்காரச் சொன்னதில்லை.

படித்தேன். கூலிப் பெண்கள் முளைக்குச்சிகளை விறகுக்காக அகற்றியதால் வரிசை தவறி வெட்டப்பட்டது, அதனால் உடைப்பு. ஆதாரம்: கள உதவியாளரின் முந்தைய குறிப்பு. நான் முதல் வரிசைக்காகக் கோபத்தில் எழுதிப்போட்ட அந்தக் குறிப்பைத்தான் இணைத்திருந்தார். அதில் எந்த வரிசை, எந்த நாள் என்று நான் எழுதவில்லை.

"சார், நாலாவதுல குச்சியே கிடையாது. கத்தாழைதான்."

அவர் முகத்தில் உண்மையிலேயே ஆச்சரியம் தெரிந்தது. "கத்தாழையா? எப்பலேர்ந்து?"

மூன்று மாதமாகத் தூரநோக்கியில் அந்தக் கத்தாழைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவை என்னவென்று அவருக்குத் தெரியாது.

பேனாவின் மூடியைக் கழற்றி என் முன்னால் வைத்தார். பிறகு, "அறிக்கை தயாராகிடுச்சு" என்றார். "இது உங்க மேல வராம நான் பாத்துக்கிட்டிருக்கேன் அந்தோணி. புரியுதா? மட்டம் பாத்தது நீங்க. குச்சி போகலன்னா தப்பு யாருது? அந்தப் பொம்பளைங்களுக்கு வேற எடத்துல கூலி கிடைக்கும். உங்களுக்கு இந்த வேலை போனா?"

நான் எழுத்தில் கொடுத்த தாள் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். இருபத்துநாலு வயது, ஊரில் கடன், தங்கை கல்யாணம் என்று சொல்லலாம். எல்லாருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. அஞ்சலைக்கு மூன்று பிள்ளைகள் இருந்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை கேட்டில் பத்தொன்பது பேரின் டோக்கனையும் வாங்கிக்கொண்டு, இனி வேலை இல்லை என்றார்கள். நான் அங்கே இருந்தேன். அஞ்சலை நேரே என்னிடம் வந்தார்.

"குச்சி திருடிட்டோம்னு எழுதியிருக்குதாம். கேட்டுக்காரரு சொல்றாரு. நீங்க இன்னா எழுதுனீங்க சார்?"

"நான் எழுதல. அவங்க இங்கிலீஷ்ல எழுதினாங்க. நான் கையெழுத்துதான் போட்டேன்."

"இங்கிலீசுல எழுதினா பொய்யி இல்லீங்களா?"

பின்னாலிருந்து ஒரு பெண், "விடு அஞ்சல, அவரு இன்னா பண்ணுவாரு, பாவம்" என்றாள்.

"இன்னாடி பாவம்? எங்க கெணத்துக்கு மேல நாங்களே குச்சிய புடுங்குவமா? இத ஒருத்தனுக்குக் கேக்கத் தோணல பாரு."

அந்தக் கேள்வியை விசாரணை அதிகாரி கேட்கவில்லை, வேதாசலம் கேட்கவில்லை, நான் கேட்கவில்லை. இத்தனை வருடம் கழித்து மலரில் அதைப் படித்த உங்களில் யாருக்காவது கேட்கத் தோன்றியதா?

இரண்டு மாதத்தில் என் பெர்மனென்ட் உத்தரவு வந்தது. சில வருடம் கழித்து, மண்மேட்டில் வேலை செய்த கூலிகளில் பலரைத் தோட்டப் பணிக்கு நிரந்தரமாக எடுத்தார்கள். மற்ற குழுக்களிலிருந்து எடுத்தார்கள். குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள், அவர்கள் பிள்ளைகள் டவுன்ஷிப் பள்ளியில் படித்தார்கள். அஞ்சலையின் குழுவிலிருந்து ஒருவர்கூட இல்லை. பெயருக்கு எதிரே களவு என்று இருந்தது. என் கையெழுத்துக்கு மேலே.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் சொல்ல இதுதான் இருக்கிறது. மட்டம் பார்ப்பதை எவரிடமும் கற்றுக்கொள்ளலாம். கையெழுத்துப் போடும் முன்னால் எந்த வரிசை, எந்த நாள் என்று எழுதுங்கள். எழுதாமல் விட்ட என் ஒரு குறிப்பு பத்தொன்பது பேரின் சோற்றைத் தின்றது.

சென்ற மாதம் மலரை எடுத்துக்கொண்டு அஞ்சலையைப் பார்க்கப் போனேன். குறிஞ்சிப்பாடிப் பக்கம் மகளோடு இருக்கிறார். கண் சரியில்லை, காது நன்றாகக் கேட்கிறது. நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. குரலைக் கேட்டதும், "டியூப் மட்டத்து சாரா?" என்றார். அந்த நான்கு வரியை வாசித்தேன். மன்னித்துவிட்டேன் என்ற இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார்.

"யாரு யார மன்னிச்சாங்க?"

மறுபடி வாசித்தேன்.

"அந்த வெள்ளச் செருப்புக்காரரு இன்னும் இருக்காரா?"

"இருக்காரு. சென்னையில."

"நல்லதாப் போச்சு. நானும் இருக்கறேன். பத்தொம்போது பேருல நாங்க ஆறு பேரு இருக்கறோம். நீங்க எங்கிட்ட அழுவாதீங்க சார், அழுது இன்னா ஆவப்போவுது. அவுரு எதுல எழுதுனாரோ அதுலயே எழுதச் சொல்லுங்க, பிடுங்கலன்னு. பேரு போட்டு. நாங்க போனப்புறம் எழுதுனா எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் அழவில்லை. கண் கலங்கியது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆகவே என் பங்கை முதலில் எழுதிவிடுகிறேன். அந்த அறிக்கை பொய். பொய்யென்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். அஞ்சலையும் அவர் குழுவினரும் நான்காவது வரிசையில் எதையும் பிடுங்கவில்லை. இதற்காக என் மேல் என்ன நடவடிக்கை எடுக்கலாமோ சங்கம் எடுக்கட்டும்.

வேதாசலம் அவர்களே, எனக்குத் தனியாகக் கடிதம் போடாதீர்கள். தொலைபேசியில் கூப்பிடாதீர்கள். நடந்தது நடந்துவிட்டது என்று பொது நண்பர்களை அனுப்பாதீர்கள். நான்காவது வரிசையை நேராக்கச் சொன்னது நீங்களா, இல்லையா? எழுத்தில் கொடுத்த எச்சரிக்கையில் "பார்த்தேன்" என்று எழுதியது உங்கள் கையா, இல்லையா? அங்கே முளைக்குச்சி இல்லை என்று அறிக்கை போவதற்கு முன்பே நான் உங்களிடம் சொன்னேனா, இல்லையா? இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள், பொதுக்குழுவில் எல்லோர் முன்னிலையிலும் உங்களை நேருக்கு நேர் சந்திக்கிறேன். ஆம் என்றால் அந்தப் பெண்களின் பெயர்களைப் போட்டு எழுதுங்கள். பெயர்கள் உங்களுக்கு நினைவிருக்காது. பத்தொன்பதையும் ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த இதழில், இதே மலரில், உங்கள் பதில் வர வேண்டும். வந்ததும் அதை அஞ்சலையிடம் வாசித்துக் காட்டப் போகிறேன். அவர் முகத்தைப் பார்த்து நான் வாசிக்கக்கூடிய பதிலாக எழுதுங்கள்.